ஒளிராத கண்

இரவில் டார்ச் வெளிச்சம் பட்டதும் நரியின் கண் பச்சையும் மஞ்சளும் கலந்து மின்னும். விழித்திரைக்குப் பின்னால் பளபளப்பான ஒரு படலம் இருக்கிறது. உள்ளே வந்த ஒளியை அது திருப்பி அனுப்புவதால், அரையிருட்டில் நரிக்கு அதே ஒளியைக் கொண்டு இரண்டாவது தடவையும் பார்க்கக் கிடைக்கிறது. நாய், பூனை, மாடு, ஆடு, மான், சிறுத்தை எல்லாவற்றுக்கும் இந்தப் படலம் உண்டு. மனிதனுக்குக் கிடையாது. பன்றிக்கும் கிடையாது.

உலகின் பல பகுதிகளில் இரவு வேட்டை என்றாலே நரி வேட்டைதான். ஆஸ்திரேலியாவுக்குச் செந்நரியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வேட்டை விளையாட்டுக்காகவே கப்பலில் கொண்டுபோய் விட்டார்கள். அது பெருகி, அந்த மண்ணின் சிறு விலங்குகளையும் ஆட்டுக்குட்டிகளையும் தின்னத் தொடங்கியது. இன்று அங்கே பண்ணைக்காரர்கள் வண்டியில் ஏறி, வெளிச்சம் அடித்து, மின்னும் கண்ணைத் தேடிச் சுடுகிறார்கள். மேய்ச்சல் நிலம் கண்ணுக்கு எட்டியவரை வெட்டவெளி. இருநூறு மீட்டர், முந்நூறு மீட்டர் என்று தூரம் கூடக் கூட, துப்பாக்கிமேல் இருக்கும் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கியை எப்படித் திருத்துவது என்பது தனியொரு கலையாகவே அங்கே வளர்ந்திருக்கிறது.

நம் பக்கம் நரியைத் தொட முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடைசெய்கிறது. 2022-இல் வந்த திருத்தம் குள்ளநரியை முதல் பட்டியலுக்கே ஏற்றிவிட்டது. சேலம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலையொட்டி வங்காநரியை வலைபோட்டுப் பிடித்து ஊருக்குள் ஓடவிடுகிறவர்களுக்கு வனத்துறை அபராதம் விதிக்கிறது. நியாயம்தான். நரி எலியைத் தின்கிறது, நண்டைத் தின்கிறது, கிடைத்தால் பன்றிக்குட்டியையும் தின்கிறது. நரி குறைந்ததால்தான் பன்றி பெருகியது என்று பாலக்காட்டு விவசாயிகள் சொல்வதை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன்.

ஆக, கேரளத்தின் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் இரவில் சட்டப்படி துப்பாக்கி தூக்குகிறவர் தேடுவது மின்னும் கண்ணை அல்ல. எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை என்று பொள்ளாச்சியை ஒட்டிக் கிடக்கும் தமிழ்ப் பஞ்சாயத்துகளில் நிலக்கடலையையும் நெல்லையும் ஒரே இரவில் உழுதுபோட்டுப் போவது காட்டுப்பன்றி. மலைக்கு மேலே வட்டவடையிலும் காந்தல்லூரிலும் உருளைக்கிழங்கு, கேரட், மறையூரில் கரும்பு, உடும்பஞ்சோலைப் பக்கம் மரவள்ளி. கிழங்கு இருக்கும் இடமெல்லாம் அதற்குச் சாப்பாட்டுக்கூடம். ஒரு வருடத்து உழைப்பைக் காலையில் போய்ப் பார்த்து, வரப்பில் உட்கார்ந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய் உயிரினப் பன்மையைப் பேசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கட்டுரை பன்றியைச் சுடலாமா கூடாதா என்பதைப் பற்றியது அல்ல. எவ்வளவு தூரத்திலிருந்து சுடலாம் என்பதைப் பற்றியது.

ஸ்கோப் உட்கார்ந்திருப்பது குழலுக்கு மேலே ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் உயரத்தில். அதன் வழியே பார்வை நேர்கோட்டில் போகிறது. குண்டு அப்படிப் போவதில்லை. குழல்வாயை விட்ட கணத்திலேயே அது விழத் தொடங்கிவிடும். எவ்வளவு வேகமாகப் போனாலும் சரி, கையிலிருந்து நழுவிய கல் அதே நேரத்தில் எவ்வளவு விழுமோ அவ்வளவு குண்டும் விழும். விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டை எடுத்துக்கொள்வோம். காற்றின் தடையை இப்போதைக்கு மறந்துவிடலாம். 100 மீட்டரைக் கடக்க அதற்கு விநாடியில் எட்டில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் ஏழரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் விழுந்திருக்கும். 200 மீட்டரில் கால் விநாடி, 30 சென்டிமீட்டர். 300 மீட்டரில் 70-ஐ நெருங்கும். தூரம் இரண்டு மடங்கானால் விழுவது நான்கு மடங்காகிறது. தொலைவு நம்மைக் கூட்டல் கணக்கில் ஏமாற்றுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏமாற்றுகிறது.

இதைச் சரிக்கட்டத்தான் குழலை மிகச் சிறிதளவு மேல்நோக்கிச் சாய்த்து, குண்டின் வளைந்த பாதையும் பார்வைக் கோடும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் சந்திக்கும்படி வைக்கிறார்கள். இதை ஜீரோ செய்வது என்பார்கள். 100 மீட்டருக்கு ஜீரோ செய்த நமது துப்பாக்கியால் 200 மீட்டரில் இருப்பதைக் குறிபார்த்தால் குண்டு 11 சென்டிமீட்டர் கீழே படும். 300 மீட்டரில் 38 சென்டிமீட்டர் கீழே. காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஸ்கோப்பின் தலையில் இருக்கும் குமிழைத் திருகினால் கிளிக், கிளிக் என்று பல் பல்லாக நகரும். ஒரு பாகையை அறுபதாக வெட்டி, அதில் ஒன்றை நான்காக வெட்டினால் வருவது பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு கிளிக். 100 மீட்டரில் அது ஏழு மில்லிமீட்டர். 200 மீட்டரில் பதினான்கு. ஆகவே 200 மீட்டருக்கு எட்டு கிளிக், 300 மீட்டருக்குப் பதினேழு. இந்தக் கணக்கை ஒருமுறை புரிந்துகொண்டவருக்கு அதில் ஒரு கிறக்கம் உண்டாவதை நான் மறுக்க மாட்டேன். பூமி இழுப்பதை விரல்நுனியால் எண்ணி ஈடுகட்டுவது அழகான காரியம்தான்.

மலையில் இன்னொரு திருத்தமும் வேண்டும். சாந்தன்பாறைச் சரிவில் மேட்டிலிருந்து பள்ளத்தைப் பார்த்துச் சுட்டாலும், பள்ளத்திலிருந்து மேட்டைப் பார்த்துச் சுட்டாலும், குண்டு நினைத்ததைவிட மேலேதான் படும். புவியீர்ப்பு கணக்கில் கொள்வது கிடைமட்டத் தூரத்தை மட்டுமே. முப்பது பாகைச் சரிவில் 200 மீட்டர் என்பது குண்டுக்கு ஏறக்குறைய 173 மீட்டர்தான். மூணாறு உயரத்தில் காற்றும் சமவெளியைவிட அடர்த்தி குறைந்தது. தடை குறைவு, விழுவதும் கொஞ்சம் குறைவு. கீழே பாலக்காட்டில் இதற்கு நேர்மாறான சிக்கல். மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு விட்டுக்கொடுத்த அந்தக் கணவாய் வழியே காற்று வாரக்கணக்கில் ஓயாமல் அடிக்கும். விழுவதைக் கணக்கிட்டுவிடலாம், ஏனென்றால் பூமி எல்லா நொடியும் ஒரே மாதிரி இழுக்கிறது. காற்று அப்படியில்லை. நாம் நிற்கும் வரப்பில் ஒரு வேகம், நடுவில் இருக்கும் தென்னந்தோப்புக்கு அப்பால் இன்னொரு வேகம். பகலில் புல் சாய்வதைப் பார்த்து ஊகிக்கலாம். இரவில் புல் தெரியாது.

தூரத்துக்கும் இருட்டுக்கும் ஜென்மப் பகை என்பது ஸ்கோப்பை இரவில் கையாண்டால் உடனே புரியும். தூரத்தில் இருப்பதைப் பார்க்க உருப்பெருக்கத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் வெளிச்சம் குறையும். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் கண்ணாடியை ஏழு மடங்கில் வைத்தால் ஏழு மில்லிமீட்டர் கற்றை. இருட்டில் விரிந்த இளைஞனின் கண்மணியும் ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர்தான். அதே ஸ்கோப்பைப் பதினான்கு மடங்குக்குத் திருகினால் கற்றை மூன்றரையாகச் சுருங்கிவிடும். வயதானால் கண்மணியே அவ்வளவு விரியாது. கேரளத்தில் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் விவசாயிகளில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். அதோடு, பெருக்கப் பெருக்கப் பார்வையின் பரப்பும் ஒடுங்குகிறது. வட்டத்துக்குள் ஒரு கரிய முதுகு தெரிகிறது. அதற்கு இடப்பக்கம் என்ன, வலப்பக்கம் என்ன, பின்னால் என்ன என்பதெல்லாம் வட்டத்துக்கு வெளியே போய்விட்டது. வெப்பத்தைக் காட்டும் புதிய கருவிகளும் இதைத் தீர்க்கவில்லை. பாலக்காட்டு வெயிலில் பகலெல்லாம் காய்ந்த பாறை நடுஇரவிலும் சூடாகவே இருக்கும். அந்தத் திரையில் வெதுவெதுப்பான எதுவும் ஒரு வெள்ளைத் திட்டு.

இந்த மலைகளில் தூரத்துச் சூட்டைப் பெருமையாக்கியது வெள்ளைக்காரர்கள். உதகைக்குப் போன அதிகாரிகள் தங்கள் நாட்டு நரி இல்லாத குறைக்கு வென்லாக் டவுன்ஸ் புல்வெளிகளில் குள்ளநரியை வேட்டைநாய் விட்டுத் துரத்தினார்கள். அது குதிரை வேட்டை. மூணாறில் தேயிலைத் துரைமார் வரையாட்டின் பின்னால் போனார்கள். இரவிகுளம் அவர்களுடைய வேட்டைக்காகக் காக்கப்பட்ட நிலம். முதுவர்களைக் காவலுக்கு வைத்து, யார் எத்தனை சுடலாம் என்று சங்கம் வைத்து வரையறுத்துக்கொண்டார்கள். பாறை விளிம்பில் நிற்கும் ஆட்டைப் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்திலிருந்து வீழ்த்துவது அந்த விளையாட்டின் உச்சம். அதற்குப் பின்னால் ஆளில்லாத பாறை, அப்புறம் மேகம். 1975-இல் அது சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவானது. வேட்டைக்காகக் காக்கப்பட்ட இடத்திலேயே வரையாடு பிழைத்தது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

அதே வெள்ளைக்கார ஆட்சி, ராணுவத் துப்பாக்கியின் தோட்டா பொதுமக்கள் கையில் இருக்கக் கூடாது என்று .303-ஐ விலக்கிவைத்தது. அதனால் நம் நாட்டில் உரிமதாரரின் ரைபிள் என்றால் .315 என்றாகி, இன்றும் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் அது செய்யப்படுகிறது. ஆனால் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் பன்றியைச் சுடப் பஞ்சாயத்து வைத்திருக்கும் பட்டியலில் இருப்பவர்களில் ரைபிள்காரர்கள் குறைவு. பெரும்பாலும் பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல். சிலரிடம் வாய்வழி மருந்து இடிக்கும் பழைய துப்பாக்கி. அவற்றில் ஸ்கோப்பே கிடையாது. முப்பது நாற்பது மீட்டருக்குள் வந்தால்தான் வேலைக்கு ஆகும். ஏழ்மையான கருவி என்று இதைச் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2022 மே மாதம் கேரள அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. பயிரை அழிக்கும் பன்றியைக் கொல்ல அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கும் நகராட்சித் தலைவருக்கும் வந்தது. வனத்துறை அதிகாரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சுடுகிறவரிடம் உரிமம் இருக்க வேண்டும். விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் கூடாது. செத்த உடலை முறைப்படி பதிவுசெய்து புதைத்துவிட வேண்டும். கறியாகப் போகக் கூடாது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழியைத் தேர்ந்தது. காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடுவதே கூடாது, மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். எல்லையின் ஒரு பக்கத்தில் விவசாயி சுடக்கூடிய பன்றி, ஓடையைத் தாண்டினால் வேறு சட்டத்துக்குள் போய்விடும்.

விஷம், வெடி, மின்சாரம் என்று அந்த மூன்றையும் ஏன் பெயர் சொல்லி விலக்கினார்கள் என்பதற்குப் பாலக்காட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2020 மே மாதக் கடைசியில் வெள்ளியாற்றுத் தண்ணீரில் தும்பிக்கையும் வாயும் முங்க நின்றபடியே ஒரு கர்ப்பிணி யானை செத்தது. பன்றிக்காக வெடி வைத்த காயைக் கடித்திருந்தது. நம் பக்கம் அவுட்டுக்காய் என்பார்கள். 2022 மே மாதம், அமைச்சரவை அந்த முடிவை எடுப்பதற்குச் சில நாள் முன்பு, முட்டிக்குளங்கரை போலீஸ் முகாமைச் சேர்ந்த இரண்டு காவலர்கள் முகாமுக்குப் பக்கத்து வயலில் பிணமாகக் கிடந்தார்கள். பன்றிக்கு இழுத்த மின்கம்பி. 2023 செப்டம்பரில் கரிங்கரப்புள்ளியில் இரண்டு இளைஞர்கள் அதேபோலச் செத்தார்கள். வயல்காரர் உடல்களை வயலிலேயே புதைத்துவிட்டார். கம்பிக்கும் காய்க்கும் கண் கிடையாது. வந்தது யார் என்று அவை கேட்பதில்லை.

கேட்கக் கூடியவர் துப்பாக்கிக்காரர் ஒருவர்தான். அவர் கையில் சட்டம் கொடுத்திருப்பது பார்க்கும் கடமை என்றே நான் நினைக்கிறேன். சுடும் உரிமை அதற்குப் பிறகு வருவது. கேட்காமல் விட்டதற்கும் சாட்சிகள் இருக்கின்றன. 2021 நவம்பரில் வயநாட்டில் கம்பளக்காட்டுக்கு அருகே, நெல்லுக்குப் பன்றி காவல் போன பழங்குடி இளைஞர் ஒருவர் குண்டு பட்டு இறந்தார். பன்றி என்று நினைத்துச் சுட்டோம் என்றார்கள் கைதானவர்கள். அடுத்த வருடம் இடுக்கியில், கள்ள வேட்டைக்குப் போன கூட்டத்தில் இருந்த இளைஞர் கூட வந்தவர்களின் குண்டுக்கே பலியானார். அங்கேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

சித்தூர் தாலுகாவில் பட்டியலில் இருக்கும் ஒருவரிடம், எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள் என்று கேட்டேன். எழுபதை நெருங்கும் தென்னை விவசாயி. இரட்டைக்குழல் வைத்திருப்பவர்.

“தூரம்னு ஒரு கணக்கு வெச்சுக்கறதில்லீங்க. காது ஆடறது தெரியோணும். தெரிஞ்சா அது என்ர தூரம். தெரியலீன்னா கிட்டப் போவேன், இல்லாட்டி ஊட்டுக்குப் போயிருவேன்.”

“கண்ணு மின்னுச்சுன்னாங்கய்யா?”

“மின்னுச்சுன்னா துப்பாக்கிய எறக்கிருவேன். அது மாடு, ஆடு, நாயி, ஏதோ ஒண்ணு. பன்னி மின்னாது.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். “மின்னலீன்னாலும் ஒடனே சுட்டறக் கூடாதுங்க தம்பி. தோட்டத்துல குந்தியிருக்கற மனுசனுக்கும் மின்னாது.”

விழித்திரையின் பின்னால் இருக்கும் படலத்தைப் பற்றி அவர் எங்கேயும் படித்தவரல்ல. ஆனால் இரவு வேட்டையின் அத்தனை அபாயமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நரியைத் தேடுகிறவருக்கு இலக்கே தன் இருப்பைச் சொல்லிவிடுகிறது. கண் மின்னினால் குறைந்தபட்சம் அங்கே இருப்பது மனிதன் இல்லை. இங்கே மின்னாத கருமையைத் தேடிப் போகிறோம். இருட்டில் மின்னாதவை இரண்டு. ஒன்றைச் சுடப் பஞ்சாயத்து அனுமதித்திருக்கிறது. இன்னொன்று காவல் குடிலில் பீடி பற்றவைக்கத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கலாம், சாக்கைப் போர்த்திக்கொண்டு வாய்க்காலில் தண்ணீர் திருப்பக் குனிந்திருக்கலாம், லயத்து வீட்டிலிருந்து வெளிக்குப் போக வந்திருக்கலாம். ஏலத்தோட்டத்தில் ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று இல்லை. பாலக்காட்டுத் துண்டு நிலங்களில் இருநூறு மீட்டர் என்றால் நடுவில் நான்கு பேருடைய வயல், ஒரு பாதை, ஒரு வீடு. தவறிய ரைபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். மிகச் சிறிய .22 தோட்டாவின் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை அபாயம் என்று அச்சிட்டிருப்பார்கள்.

எட்டு கிளிக், பதினேழு கிளிக் கணக்கெல்லாம் குண்டு எங்கே விழும் என்ற கேள்விக்கு விடை. அங்கே இருப்பது யார் என்ற கேள்வியை அந்தக் குமிழ் தொடுவதே இல்லை. முதல் கேள்விக்கு விடை துல்லியமாகக் கிடைத்துவிட்டால், இரண்டாவதும் தீர்ந்துவிட்டதுபோல ஒரு மயக்கம் வருகிறது. அதைத்தான் நான் அஞ்சுகிறேன். இந்த எல்லைப் பகுதியில் இரவில் சுடுகிறவருக்கு வேண்டிய திருத்தம் தூரத்தைக் குறைத்துக்கொள்வதுதான். காது ஆடுவது தெரியும் தூரம். மேட்டில் பரண் கட்டி, குண்டு மண்ணுக்குள் இறங்கும்படி கீழ்நோக்கிச் சுடும் தூரம்.

பரண் இந்த மலைகளுக்குப் புதிதல்ல. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தினைப்புனக் காவலையும் கிளி விரட்டும் கருவிகளையும் பெயர் சொல்லி அடுக்குகிறார். நற்றிணையில் ஒரு பன்றி தினைக்குள் இறங்கும் முன் பல்லி சொல்வதைக் கேட்டு, நிமித்தம் சரியில்லை என்று வந்த வழியே திரும்பிப் போகிறது. வேட்டையாடப்படும் விலங்கின் தயக்கத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்தவர், அதற்கு மிகப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இரவெல்லாம் விழித்துத் தீமூட்டிச் சத்தம் எழுப்பும் காவலில் சுடுவது கடைசி வேலை. இன்று கூலி கொடுத்து அப்படி விழித்திருக்க ஆள் கிடைப்பதில்லை. பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். தூரத்துத் துப்பாக்கியை நாடுவதற்கு இந்த ஆளற்ற தோட்டமும் ஒரு காரணம். அதை விவசாயியின் குற்றமாக்க முடியாது.

அரசால் செய்ய முடிவதும் ஒன்று இருக்கிறது. பட்டியலில் சேர உரிமம் வேண்டும் என்கிறார்கள். இருட்டில், டார்ச் ஒளியில், ஐம்பது மீட்டரில் ஒரு தகட்டைக் குறி தவறாமல் அடித்துக் காட்டு என்று கேட்க வேண்டும். ஆள் உருவத்தையும் பன்றி உருவத்தையும் மாற்றி மாற்றி நிறுத்தி, சுடாமல் விடத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ரைபிள் சங்கங்களின் சுடுதளங்களை இதற்குப் பயன்படுத்தலாம். தோட்டாவை அரசு கொடுக்க வேண்டும். இப்போது ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதை உரிமத்திலேயே எழுதிவிடுகிறார்கள். ஸ்கோப் வைத்திருக்கும் சிலருக்கு அதை ஒழுங்காக ஜீரோ செய்யவே ஒரு கை நிறையத் தோட்டா செலவாகும். ஆகவே அவர்களில் பலர் செய்வதில்லை.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வாரக்கணக்கில் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்துவைத்திருப்பார்கள். முடிவு வந்த பிறகு கையெழுத்துப் போட்டு வாங்கி, பைக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அத்தனை வாரம் பன்றிக்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை என்பதால், அன்று ராத்திரியே வயல்காரரின் போன் வரும். அந்த இடைவெளியில் ஸ்கோப் ஒரு மயிரிழை அசைந்திருந்தாலும் ஜீரோ போய்விட்டது. கையில் ஐந்து தோட்டா இருக்கிறது. அதில் எத்தனையை இருட்டுவதற்கு முன் பலகைக்குக் கொடுப்பது என்று அவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.